ஊற்றித் திருத்துவதும் இறைத்துத் திருத்துவதும்

2016 ஆகஸ்ட் 9 அன்று ரியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான இரட்டையர் டைவிங் போட்டி நடந்தது. முந்தைய நாள் வரை நீலமாக இருந்த மரியா லெங்க் அரங்கின் டைவிங் குளம் அன்று பச்சையாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்த பெரிய குளம் அப்போதும் நீலமாகவே இருந்ததால், தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் கண்ணில் அடித்தது. அடுத்த நாள் அந்தப் பெரிய குளமும் பச்சையாகத் தொடங்கியது. காரத்தன்மை குறைந்துவிட்டது என்றார்கள், ரசாயனம் தீர்ந்துபோனது என்றார்கள். உண்மையான காரணம் 13ஆம் தேதிதான் வெளியே வந்தது: தொடக்க விழா நாளான ஆகஸ்ட் 5 அன்று, பராமரிப்பு ஒப்பந்தக்காரர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் குளங்களில் ஊற்றியிருந்தார்.

பெராக்சைடும் கிருமிநாசினி, குளோரினும் கிருமிநாசினி. ஆனால் இரண்டும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துவிடும். மிஞ்சுவது தண்ணீர், ஆக்சிஜன், கொஞ்சம் குளோரைடு உப்பு. கிருமியைக் கொல்ல எதுவும் மிஞ்சாது. குளோரின் அளவைக் கவனித்துக்கொண்டிருந்த மின்னணுக் கருவியும் ஏமாந்துபோய், எல்லாம் சரி என்றே காட்டியது. காவல் இல்லாத தண்ணீரில் பாசி பெருகியது.

இதில் கவனிக்க வேண்டியது அதிகாரிகள் எடுத்த முடிவு. நோய் ஒன்றுதான், வைத்தியம் இரண்டு. டைவிங் குளத்தின் தண்ணீரை மாற்றவில்லை. குதிக்கிறவர்களுக்குத் தண்ணீருக்கு அடியில் பார்வை தெளிவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், போட்டி பச்சைத் தண்ணீரிலேயே தொடர, வடிகட்டியும் மருந்தும் தம் வேலையைப் பார்த்தன. பெரிய குளத்தில் 14ஆம் தேதி ஒத்திசைவு நீச்சல் தொடங்க வேண்டும். அதில் வீராங்கனைகள் நீருக்குள் ஒருவரையொருவர் பார்த்தே அசைவுகளைச் சேர்க்கிறார்கள். ஆகவே ஏறத்தாழ 37 லட்சம் லிட்டர் தண்ணீரை இரவோடு இரவாக இறைத்துவிட்டு, அருகிலிருந்த பயிற்சிக் குளத்தின் சுத்திகரித்த தண்ணீரை நிரப்பினார்கள்.

நாள் கையில் இருந்திருந்தால் பெரிய குளத்தையும் இறைக்க வேண்டியிருக்காது. பாசி குளோரினுக்குச் சாகும், செத்தது வடிகட்டியில் மாட்டும். எனவே, ‘தண்ணீர் கெட்டுப்போச்சு, மாத்திடலாமா?’ என்ற கேள்வி வரும்போது, கெடுத்தது எது என்று முதலில் பார்க்க வேண்டும். குளத்தில் சேரும் பொருள்கள் இரண்டு வகை. சில வேலை செய்து தீர்ந்துபோகும், அல்லது இன்னொன்றைச் சேர்த்தால் மாறிவிடும். சில எதைச் சேர்த்தாலும் போகாமல் தங்கிவிடும். முதல் வகையை ஊற்றித் திருத்தலாம். இரண்டாவது வகைக்கு இறைப்பதுதான் வழி.

பி.எச். முதல் வகை. அது 7.5 ஆக இருக்கும்போது குளோரினில் ஏறக்குறைய பாதி, கிருமியை வேகமாகக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8க்கு ஏறினால் அது கால்வாசியாகக் குறையும். அதே குளோரினுக்குப் பாதி வேலைதான் நடக்கும். இதற்குத் தண்ணீரை மாற்ற வேண்டாம், அளவாக ஆசிட் போதும். காரத்தன்மை குறைந்தால் சமையல் சோடா. மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாடை’யும் இந்த வகைதான். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. வாடை வருகிறதே என்று குளோரினைக் குறைப்பது தவறு. கூடுதலாக ஒரு முறை பலமாகப் போட்டால்தான் அவை உடையும்.

இரண்டாவது வகையில் முக்கியமானவை மூன்று: கால்சியத்தால் வரும் கடினத்தன்மை, கரைந்த உப்புகள், சயனூரிக் அமிலம். வெயிலில் ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டுமே. உப்பு அப்படியே நிற்க, குறைந்த அளவை ஈடுகட்ட ஊற்றும் போர்வெல் தண்ணீர் தன் பங்குக்கு இன்னும் உப்பைக் கொண்டுவருகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் வேண்டுமென்றே செய்வது, குளத்தில் வேண்டாமலே நடக்கிறது. ஓடுகளின் விளிம்பில் நகத்தால் சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படிவு இதன் அடையாளம்.

சயனூரிக் அமிலம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஆபத்து. வெறும் குளோரின் நேரடி வெயிலில் ஓரிரு மணி நேரத்தில் பெரும்பாலும் அழிந்துவிடும். அப்படி அழியாமல் காப்பதற்கு இந்த அமிலம் 30 முதல் 50 பிபிஎம் வரை, அதாவது லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம், இருந்தால் போதும். கடைகளில் ‘டிசிசிஏ 90’ என்று விற்கும் மாத்திரையில் குளோரினோடு இதுவும் சேர்ந்தே இருக்கிறது. அந்த மாத்திரையால் 10 பிபிஎம் குளோரின் சேர்த்தால், 6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் குளத்தில் இறங்கும். நாளுக்கு 2 பிபிஎம் குளோரின் செலவாகும் குளத்தில் மாதம் 36 பிபிஎம் சேர்ந்துவிடும். மூன்றே மாதத்தில் நூறைத் தாண்டலாம். குளோரின் செலவாகிவிடுகிறது, இது நின்றுவிடுகிறது. அளவு மிஞ்சும்போது, வெயிலிலிருந்து காத்த அதே அமிலம் குளோரினின் கையைக் கட்டிப்போடும். சோதனைக் குப்பியில் நிறம் சரியாக வரும், குளோரின் 2 என்று காட்டும், ஆனாலும் சுவரில் கை வைத்தால் வழுக்கும். பராமரிப்பவர் இன்னும் இரண்டு மாத்திரை போடுவார், அமிலம் இன்னும் ஏறும்.

இங்கேதான் இறைக்க வேண்டும். எவ்வளவு? 2 லட்சம் லிட்டர் குளத்தில் அமிலம் 100 பிபிஎம், வேண்டியது 40 என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம் இறைத்துவிட்டு நிரப்பினால் கணக்கு நேராகும்: 1,20,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் பத்து லோடு. ஒருபக்கம் இறைத்துக்கொண்டே மறுபக்கம் நிரப்பினால் கணக்கு கெட்டுவிடும். ஊற்றிய புதுத் தண்ணீரும் பழையதோடு கலந்து வெளியே போவதால், அதே 40ஐத் தொட ஏறக்குறைய 1,83,000 லிட்டர் தேவைப்படும். ஐந்து லோடுக்கு மேல் வீண்.

ஆனால் லாரியைக் கூப்பிடும் முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. வரப்போகும் தண்ணீரில் என்ன இருக்கிறது? குளத்தின் கடினத்தன்மை 800, வேண்டியது 400, போர்வெல்லில் வருவது 600 என்றால், குளத்தை முழுக்க இறைத்தாலும் 600க்குக் கீழே போக முடியாது. வரும் தண்ணீர் 200 ஆக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு மாற்றினால் போதும். மாற்ற வேண்டிய பங்கு வேண்டுமென்றால், இப்போதைய அளவிலிருந்து இலக்கைக் கழித்து, அதை இப்போதைய அளவுக்கும் வரும் தண்ணீரின் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்கவேண்டும். ரியோவில் ஒரே இரவில் காரியம் முடிந்ததற்குக் காரணம், மாற்றுத் தண்ணீர் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருந்ததுதான்.

இறைப்பதிலும் எல்லை உண்டு. குளம் நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை தரையை அழுத்தி வைத்திருக்கிறது. காலி செய்தால் நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளும். குளத்தின் அடித்தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிலத்தடி நீர் நின்றால், சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ விசை மேல்நோக்கி வரும். 20 செ.மீ. கான்கிரீட் தளத்தின் எடை அதில் பாதிதான், சுமார் 500 கிலோ. சுவர்களின் எடையும் அழுத்தம் விடும் வால்வும் கைகொடுக்காவிட்டால் தளம் வெடிக்கும், சில குளங்கள் அப்படியே மேலெழும்பியும் இருக்கின்றன. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் குளத்தைக் காலி செய்வது இதனால்தான் புத்திசாலித்தனம் இல்லை. அந்த மாதங்களில் இறைக்கவே வேண்டியிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கலாம். மழைநீரில் கடினத்தன்மை இல்லை, அதையே குளத்தில் சேரவிட்டு, மிஞ்சுவதை வழியவிடலாம். இறைத்த தண்ணீரை ஏரியிலோ வாய்க்காலிலோ விடக்கூடாது. குளோரின் போடுவதைச் சில நாள் முன்பே நிறுத்தி, சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகே வெளியேற்ற வேண்டும்.

நிலத்தடி நீர் கீழே போயிருக்கும் சித்திரை, வைகாசியில் இறைப்பது கட்டடத்துக்குப் பத்திரம். ஆனால் 1,20,000 லிட்டரைக் கீழே விட மனம் வராத, வரக்கூடாத மாதங்களும் அவைதான். எனவே சேரவிடாமல் இருப்பதே மலிவான வைத்தியம். எந்தக் குளோரினும் எதையாவது விட்டுவிட்டுத்தான் போகும். மாத்திரை சயனூரிக் அமிலத்தையும், கால்சியம் ஹைப்போகுளோரைட் கடினத்தன்மையையும், திரவக் குளோரின் சாதாரண உப்பையும் விட்டுப்போகும். தண்ணீர் ஏற்கெனவே கடினமாக இருக்கும் இடத்தில் கால்சியம் வேண்டாம். சயனூரிக் அமிலம் 50ஐத் தொட்டதும் மாத்திரையை நிறுத்தித் திரவத்துக்கு மாறலாம். மாதம் ஒரு முறை கடினத்தன்மை, கரைந்த உப்பு, சயனூரிக் அமிலம் ஆகிய மூன்றின் அளவையும் எழுதிவைக்கும் பராமரிப்பாளருக்கு, லாரி எப்போது தேவைப்படும் என்பது பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.