குற்றவாளிக் கூண்டில் கிருமி!

நோய் வந்ததும், "ஏன் வந்தது?" என்று கேட்கிறோம். கேட்பது ஒரு கேள்விதான். அதனுள் ஒளிந்திருப்பவையோ இரண்டு. எதனால் வந்தது என்பது ஒன்று. எவர் செய்த குற்றத்தால் வந்தது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை காண ஆராய்ச்சி வேண்டும். இரண்டாவதற்கு அது வேண்டியதில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தது மனித குலம்! காலரா கண்டதும் தெய்வச் சீற்றம் என்றனர் சிலர். முன்வினைப் பயன் என்றனர் சிலர். ஏழையின் ஒழுக்கக்கேடு என்றனர் மேலைநாட்டுச் சீமான்கள். மொழி வேறு, தீர்ப்பு ஒன்றே. மாண்டவன் தலையிலேயே பழி!

தீர்ப்பை மறு விசாரணைக்கு எடுத்துக் கொள்வோம்.

1854-ஆம் ஆண்டு, இலண்டன் மாநகரின் பிராடு தெருவில் காலரா பரவிற்று. ஜான் ஸ்னோ எனும் மருத்துவர் மாண்டோரின் வீடுகளை விசாரித்தறிந்தார். அவர்களில் மிகப் பலர் ஒரே அடிகுழாயின் நீரைப் பருகியவர்கள் என்பது புலனாயிற்று. அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். 1884-இல் கல்கத்தாவில், நோயாளியின் குடலிலும் மக்கள் புழங்கிய குளத்து நீரிலும், காற்புள்ளி போல வளைந்த கிருமியைக் கண்டார் ராபர்ட் காக். கிருமி அகப்பட்டது. அது கொல்லும் வகை மட்டும் அகப்படவில்லை.

எழுபத்தைந்து ஆண்டுகள் உருண்டன. 1959-இல், அதே கல்கத்தாவில், சம்புநாத் டே என்ற அறிஞர் திரையை விலக்கினார். கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, கிருமிகளை அறவே நீக்கினார். எஞ்சிய நீரை முயலின் குடலிற் செலுத்தினார். ஒரு கிருமியும் இல்லை. ஆயினும் குடல் நீர் நிரம்பி வீங்கிற்று! கிருமி உமிழ்ந்து சென்ற நஞ்சே அந்த வேலையைச் செய்தது.

அந்த நஞ்சு குடலைக் கிழிப்பதில்லை, அரிப்பதுமில்லை. குடற்சுவரின் உயிரணுக்களுள் நுழைந்து, உப்பு வெளியேறும் மடையைத் திறந்து, மூடவொட்டாமல் செய்துவிடுகிறது. உப்பின் பின்னே நீரும் ஓடுகிறது. நோய் முற்றியவன் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட இழக்கிறான். கண் குழிகிறது, நாடி தளர்கிறது, சில மணி நேரத்தில் உயிரும் பிரியக்கூடும். வெளியேறிய நீரோடு கிருமியும் வெளியேறி, அடுத்த குளத்தைத் தேடிச் செல்கிறது. தான் பெருகுவதன்றி அதற்கு வேறு நோக்கமில்லை. நல்லவன் தீயவன் என்று பார்க்க அதற்குக் கண்ணில்லை. தண்டிக்க அதற்கு மனமில்லை.

"அப்படியாயின், அது மாளிகையை விட்டுக் குடிசையை நாடுவானேன்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி! மாளிகைக்குத் தூய்மை செய்த நீர் குழாயில் வருகிறது. குடிசைக்குச் சாக்கடை கலந்த நீர் குடத்தில் வருகிறது. வயிற்றின் அமிலம் கிருமிகளிற் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். ஊட்டமின்றி மெலிந்தவனிடம் அந்தக் காவலும் தளர்ந்து கிடக்கும். கிருமி எவரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அது செல்ல வேண்டிய வழியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது சமுதாயம்!

வழியை அடைக்க முடியாதா? முடியும், மடை திறந்த பின்னும் உயிரைக் காக்கவும் முடியும். 1971-இல், வங்கதேசப் போரின்போது, எல்லையூரான பங்கானில் ஏதிலியர் முகாமைக் காலரா சூழ்ந்தது. நரம்பிற் செலுத்தும் மருந்துநீர் தீர்ந்து போயிற்று. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், உப்பும் சர்க்கரைச் சத்தும் சோடா உப்பும் கலந்த நீரை வாய்வழியே புகட்டச் செய்தார். நஞ்சு, நீர் வெளியேறும் மடையைத்தான் திறந்தது. சர்க்கரையோடு சேர்ந்து உப்பு உட்புகும் வாயிலை அதனால் அடைக்க முடியவில்லை. நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கிற்று.

உப்பு, சர்க்கரை, தூய நீர்! ஓர் உயிரின் விலை பல வேளைகளில் இவ்வளவுதான். அப்படியிருந்தும் இன்றும் உலகின் ஏழை நாடுகளில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் காலராவால் மடிகின்றனர். அறியாத காலத்தில் மாண்டவர்களுக்காக எவரையும் பழிப்பதற்கில்லை. அறிந்த காலத்தில் மாள்கிறவர்களுக்கு விடை கூறியாக வேண்டாமா?

பள்ளியிலே பாடம் சொல்லும் நாம், "கையைக் கழுவு, காய்ச்சிய நீரைக் குடி" என்று பிள்ளைகளுக்கு அறிவுரை புகல்கிறோம். நல்ல அறிவுரைதான். "கழுவ நீர் எங்கே? காய்ச்ச விறகு எங்கே?" என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டால்? நீரும் விறகும் தராமல் அறிவுரை மட்டும் தருவது, மாண்டவன் தலையில் பழி போடும் பழைய தீர்ப்பைப் புதிய எழுத்தில் எழுதுவதேயாகும்.

கிருமியைக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம், அதற்கு மனமில்லை. மாண்டவனை என்றோ இறக்கியிருக்க வேண்டும், அவனிடம் குற்றமில்லை. நல்ல நீருக்கு வழி தெரிந்தும், தர வல்லமையிருந்தும், தராமல் காலம் கடத்துவோரே! கூண்டு காலியாக இருக்கிறது, ஏறி நின்று விடை கூறுங்கள்!