முதல் கேள்வி

கொல்லிமலையில் ‘நாடு’ என்றதும் கொடியும் சேனையும் உள்ள ராஜ்யம் என்று எண்ணிவிட வேண்டாம். சில சிற்றூர்கள் சேர்ந்தால் அங்கே ஒரு நாடு. அப்படிப்பட்ட அரியூர் நாட்டில், ஒரு நண்பர் வீட்டில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். என்னுடன் வந்தவன் என் தமக்கையின் மகன், கல்லூரி மாணவன். அவனுடன் வந்தது ஒரு புத்தம் புதிய மலைச் சைக்கிள்.

நாம் ஓட்டிப் பழகிய சைக்கிளில் பின்னால் ஒரே பல்சக்கரம். இதிலோ சிறிதும் பெரிதுமாக எட்டு. கைப்பிடியில் உள்ள விசையைத் தட்டினால் மெல்லிய கேபிள் ஒன்று இழுபடும். பின்சக்கரத்தருகே தொங்கும் ஒரு சிறு கருவி, செயினை ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தள்ளும். ஏற்றத்துக்குப் பெரிய பல்சக்கரம்; சமதரைக்குச் சிறியது.

முதல் நாள் காலையிலேயே பையன் ஏறிப் புறப்பட்டான். அரை மணிக்குள் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். மிதித்தால் செயின் ‘டக், டக்’ என்று பல் தாண்டியது. ஒரு கியர் மாற்றினால் இரண்டு தாண்டிப் போய் விழுந்தது.

திண்ணையில் காப்பியும் கையுமாக இருந்த நான் கேட்ட முதல் கேள்வி இது: “யார் உன்னை மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றச் சொன்னது? புதுச் சாமானை ஒரே நாளில் பாழாக்கிவிட்டாயே!”

“அப்படி மாற்றவில்லை, மாமா” என்றான். அதற்குமேல் பேசவில்லை.

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி, யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பால் துளைத்தான் என்று புறநானூறு சொல்கிறது. என் நாக்கும் அன்று சளைக்கவில்லை. பையனைத் துளைத்து, அதை வாங்கித் தந்த அவன் தகப்பனாரைத் துளைத்து, விற்றவரையும் செய்தவரையும் துளைத்து, கடைசியில் இந்தக் காலத்தையே துளைத்துக்கொண்டு போயிற்று.

மறுநாள் செம்மேட்டில் வண்டி பழுது பார்க்கும் ஓர் இளைஞரிடம் சைக்கிளைக் கொண்டு போனோம். அவரும் ஒரு கேள்விதான் கேட்டார்.

“எப்போதிருந்து தம்பி இப்படி?”

“நேற்றுக் காலையிலிருந்து.”

“அதுக்கு முன்னாடி?”

“ஊரில் நன்றாக ஓடியது.”

புதுச் சைக்கிளில் முதல் சில நாள் ஓட்டத்தில் கேபிள் உறைக்குள் படிந்து தளர்வது இயல்பு என்றார். கேபிள் முனையில் உள்ள திருகைக் கால் சுற்றுத் திருப்பினார். பெரிய பல்சக்கரங்களில் செயின் ஒழுங்காக ஏறியது. சின்னவற்றில் சத்தம் அதிகமாயிற்று. உடனே திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். ஒரு தடவைக்கு ஒரு திருகு. பலிக்காவிட்டால் பழைய நிலை. பிறகு சைக்கிளுக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அந்தத் தொங்கும் கருவி பல்சக்கரங்களுக்கு நேராக இல்லை. சக்கரத்தின் கம்பிகள் பக்கம் சாய்ந்திருந்தது. அதைத் தாங்கும் ‘ஹேங்கர்’ என்ற சிறிய அலுமினியத் துண்டு வளைந்துபோயிருந்தது.

“மலைக்கு ஏத்தி வரும்போது இதை எப்படி வெச்சிருந்தீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. காரின் பின்புறத்தில் வலப்பக்கம் கீழே இருக்கும்படி சைக்கிளைப் படுக்கவைத்தவன் நான். அதன்மேல் என் புத்தகப் பெட்டியை ஏற்றியவனும் நானே. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பெட்டி அந்தத் துண்டை அழுத்தியிருக்கிறது. “பெட்டி அதன்மேல் வேண்டாம், மாமா” என்று பையன் அப்போதே சொன்னதும் நினைவுக்கு வந்தது. அதை அவன் முந்தின நாளும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை.

“நான்தான் வைத்தேன்” என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்த நேரம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

இந்தக் கோணல் நமக்கு மட்டும் உரியதன்று. 1913ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்துச் சைக்கிள் பந்தயத்தில் யூஜீன் கிறிஸ்தோஃப் என்ற வீரர் டூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை முறிந்தது. பிறர் உதவியின்றிப் பழுது பார்க்க வேண்டும் என்பது விதி. பல மைல் நடந்து ஒரு கிராமத்துக் கொல்லன் உலையை அடைந்து, தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சிச் சரிசெய்தார். பந்தய அதிகாரிகளோ, ஒரு சிறுவன் துருத்தி ஊதினான் என்பதற்காக அவருக்குப் பத்து நிமிஷம் அபராதம் விதித்தார்கள். கவை ஏன் முறிந்தது என்பதைவிட, யார் பேரில் குற்றம் எழுதலாம் என்பதே அவர்களுக்குப் பெரிதாகப் போயிற்று.

அப்படியானால் யாரையுமே குற்றம் சொல்லக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லத்தான் வேண்டும். பொறுப்பு என்று ஒன்று இல்லாவிட்டால் வீடும் நடக்காது, நாடும் நடக்காது. ஆனால் கேள்விகளின் வரிசை முக்கியம். ‘எப்போதிலிருந்து?’, ‘எப்படி?’ என்று தொடங்கினால் வழி தானாகவே ‘யார்?’ என்பதில் வந்து சேரும். சில சமயம் அது நம் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும். ‘யார்?’ என்று தொடங்கினாலோ, எதிர்த்துப் பேச முடியாதவன் எவனோ அவனிடம் போய் நின்றுவிடும். பிறகு காரணத்தைத் தேட எவருக்கும் மனம் வராது. அகப்பட்டவன் இருக்கும்போது ஆராய்ச்சி எதற்கு?

அந்த ஹேங்கரைப் பற்றி இளைஞர் ஒன்று சொன்னார். வேண்டுமென்றே அதை மென்மையாகச் செய்கிறார்களாம். அடி விழும்போது அது வளைந்து கொடுத்தால் விலையுயர்ந்த பிரேம் தப்பிக்கும். குடும்பங்களிலும் அப்படி வளைந்து கொடுக்கும் ஒருவர் இருக்கிறார்: வாய் திறவாத மருமகள், வேலைக்கார அம்மாள், வீட்டுக்குச் சின்னப் பையன். அவர் வளைவதால் குடும்பம் உடையாமல் இருக்கிறது. வளைந்ததையே நாம் அவர் குற்றமாக எழுதிவிடுகிறோம்.

இளைஞர் அந்தத் துண்டைப் பொறுமையாக நிமிர்த்திக் கொடுத்தார். “ஊருக்குப் போனதும் புதுசு மாத்திடுங்க, ஐயா. இதைத் திரும்பத் திரும்ப வளைச்சு நிமித்தினா ஒடிஞ்சிடும்” என்றார்.

மலையிலிருந்து இறங்கியபோது புத்தகப் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். அது எவ்வளவு கனம் என்பது எனக்கு மூன்றாவது வளைவிலேயே தெரிந்துவிட்டது.