கண்புரையும் அறியாப் பிழையும்

அறிந்து செய்த பிழை செய்தவனைச் சாரும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அறியாமற் செய்த பிழை அவனைச் சாருமா, சாராதா என்பதே ஆராய்ச்சிக்குரிய வினாவாகும். இவ்வினாவை யான் நூல்களிற் பலகாற் கண்டுளேன், மாணவர்க்கும் எடுத்துரைத்துளேன். ஆயினும், என் 69-ஆம் அகவையில் வலக்கண்ணிற் கண்புரை அறுவை செய்துகொண்ட பின்னரே, அவ்வினா என்னை நோக்கியும் எழுதற்குரியதென்று உணர்ந்தேன். அங்ஙனம் உணர்ந்தவாற்றை அன்பர்கட்கு ஈண்டுக் கூறுவாம்.

கண்புரை என்பது யாதென முதற்கண் அறிதல் வேண்டும். கண்ணின் கருமணிக்குப் பின்னே பளிங்குபோல் தெளிந்த வில்லையொன்று உளது. புறத்தினின்று வரும் ஒளியைக் குவித்து விழித்திரையிற் படியச் செய்தல் அதன் தொழில். நீராலும் புரதத்தாலும் ஆகிய அவ்வில்லையில், முதுமைக்கண் புரதங்கள் ஒன்றோடொன்று கூடித் திரளுகின்றன. அதனால் வில்லை மங்குகின்றது. பலர்க்கு மஞ்சள் நிறமும், நாளடைவிற் பழுப்பு நிறமும் அடைகின்றது. அங்ஙனம் நிறமேறிய வில்லை ஒளியிலுள்ள நீலக்கூற்றை மிகுதியும் தடுத்துவிடும். இம்மாறுதல் பல யாண்டுகளிற் சிறிது சிறிதாக நிகழ்வதாகலின், நேற்றைக் காட்சிக்கும் இன்றைக் காட்சிக்கும் வேற்றுமை காண்டல் அரிது. வேற்றுமை தோன்றிய விடத்தும், அதனைப் பொருளின்மேல் ஏற்றிக் கூறுகின்றோமேயன்றிக் கண்ணின்மேல் ஏற்றுகின்றோமில்லை.

இந்நோயின் வஞ்சனை இவ்வளவில் நில்லாது. வில்லையின் நடுப்பகுதி இறுகுங்கால் அதன் குவிக்கும் ஆற்றல் மிகுதலால், அண்மையிலுள்ள எழுத்துக்கள் கண்ணாடியின் உதவியின்றியே சிலகாலம் தெளிவாகத் தோன்றுதலும் உண்டு. எனக்கும் அவ்வாறே நிகழ்ந்தது. இருபது யாண்டு அணிந்துவந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளெழுத்து நீங்கிற்றென்றும், இஃது ஒழுக்கத்தின் பயனென்றும் வந்தாரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தேன். நோய் வளர்ந்துவருதலையே நலமெனக் கொண்டாடியவாறு இது.

அக்காலத்து நிகழ்ந்த செயலொன்றை மறையாது கூறுதல் என் கடமை. முப்பது யாண்டுகளாக எம் இல்லத்திற்கு ஆடை வெளுத்துத் தந்த முதியவர் ஒருவர் இருந்தார். வழிபாட்டிற்குத் தூய வெள்ளாடையே உடுத்தும் வழக்கமுடைய எனக்கு, அவர் கொணர்ந்த வேட்டிகளெல்லாம் பழுப்பேறியனவாகத் தோன்றலாயின. முதலிற் குறிப்பாகச் சொன்னேன். பின்னர்க் கடிந்து சொன்னேன். அவர் ஒரு வேட்டியை முற்றத்து வெயிலில் விரித்துக் காட்டி, "ஐயா, வெள்ளையாகத்தானே இருக்கிறது" என்றார். அருகே நின்ற என் மருமகளும், "மாமா, எனக்கும் வெள்ளையாகவே தெரிகிறது" என்றாள். அவள் இரக்கத்தாற் பரிந்து பேசுகின்றாளென்று கொண்டேன். அவரை நோக்கி, "நீர் தொழிலிற் சோம்பியதன்றிப் பொய்யும் பேசுகின்றீர்" என்று அயலார் கேட்ப இகழ்ந்து, மறுநாள் முதல் வரவேண்டாவென நிறுத்திவிட்டேன். அவர் எதிர்மொழி கூறாது மூட்டையைத் தோளிலிட்டுச் சென்றார்.

ஈரியாண்டு கழிந்தது. இரவில் விளக்கொளி சிதறிக் கண்கூசலாயிற்று. தெருவில் எதிரே வருவாரை அவர்தம் குரலால் மட்டுமே அறியும் நிலைமை வந்தது. அதன் பின்னரே என் மகன் என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். இரு கண்ணிலும் புரை உளதென்றும், வலக்கண்ணை முதலிலும் இடக்கண்ணைச் சில வாரங்கழித்தும் செய்யலாமென்றும் அவர் உரைத்தார். அறுவை கால்மணிப் பொழுதில் முடிந்தது. மருந்துத் துளியால் கண்ணை மரக்கச் செய்து, மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாத சிறு வாயில் திறந்து, செவிக்கெட்டா ஒலியதிர்வாற் பழைய வில்லையைத் துகளாக்கி உறிஞ்சி எடுத்து, அதன் மெல்லிய உறைக்குள் மடித்த செயற்கை வில்லையைச் செலுத்தி விரியச் செய்தனர். இம்முறையை 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லசு கெல்மன் தொடங்கினார். செயற்கை வில்லையோ, 1949-இல் இலண்டனில் அரால்டு ரிட்லி என்பவரால் முதன்முதற் பொருத்தப்பட்டது. போரில் வானூர்தியின் மூடி உடைந்து விமானிகளின் கண்ணிற் புகுந்த ஞெகிழித் துண்டுகள் கண்ணை வருத்தாதிருந்தமை அவர்க்கு அவ்வெண்ணத்தைத் தந்தது. அவ்வில்லைகள் 1992 முதல் மதுரையிலும் குறைந்த விலையிற் செய்யப்படுதலால், ஏழை மக்களும் அப்பயனை எய்துகின்றனர்.

மறுநாட் காலை கட்டு அவிழ்க்கப்பட்டது. செவிலியின் ஆடையும் சாளரத்திற்கப்பாலுள்ள வானும் என்னை வியப்பித்தன. வெண்மை இத்துணை வெண்மையுடையதென்பதையும், நீலம் இத்துணை நீலமுடையதென்பதையும் யான் மறந்தே போயிருந்தேன். வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் நோக்கினேன். அதே ஆடை பழந்தாளின் நிறமாயிற்று. இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் நோக்கினேன், மீண்டும் வெண்மையாயிற்று. அவ்வாறு இரண்டு மூன்றுமுறை செய்தவளவில், எனக்கு அம்முதியவர் விரித்துக் காட்டிய வேட்டி நினைவிற்கு வந்தது. இல்லம் மீண்டவுடன், அவர் இறுதியாகக் கொணர்ந்து யான் உடுத்தாது பெட்டியில் இட்டிருந்த வேட்டிகளை எடுத்து விரித்தேன். அவை வெள்ளையாகவே இருந்தன.

இனி, வினாவிற்கு வருவாம். அறியாமையாற் செய்ததாகலின் குற்றம் என்னைச் சாராது என்று கூறலாமோ? எனின், கூறலாமென்பார் கூறும் காரணம் வலியுடையதே. கண் பழுதுற்றமை என் செயலன்று, கண்டவாறே கூறினேன், கண்டதற்கு மாறாகக் கூறியிருப்பின் அதுவன்றோ பொய்யாகும்? இங்ஙனம் என் மனமும் சிலநாள் எனக்காக வழக்குரைத்தது.

அவ்வழக்கு நில்லாதென்பதை யான் கற்பித்த அளவை நூலே காட்டிற்று. பொருளை அறிதற்குரிய அளவை காட்சி, கருதல், உரை என மூன்றென்பர். காட்சியும் ஐயமும் திரிபும் நீங்கிய வழியே அளவையாகும். என் காட்சி திரிந்தது என் குற்றமன்று. ஆயின், கருதலளவையை யான் செலுத்தினேனில்லை. சுவர் மங்கிற்றென்று சுண்ணம் தீற்றியவரைக் குறை கூறினேன். விளக்கு மங்கிற்றென்று விளக்கு விற்றவரைக் குறை கூறினேன். தாள் பழுத்ததென்று புத்தகக் கடைக்காரரைக் குறை கூறினேன். வேட்டி பழுத்ததென்று வெளுத்தவரைத் துரத்தினேன். இந்நான்கிடத்தும் பொதுவாக நின்றது என் கண் ஒன்றே என்று கருதுதற்கு நுண்ணறிவு வேண்டுவதன்று. உரையளவையோ, இருவர் வாயினின்றும் வந்தது. ஒருவர் சொல்லை அவர்தம் எளிமை நோக்கித் தள்ளினேன். மற்றவர் சொல்லை அவர்தம் அன்பு நோக்கித் தள்ளினேன். ஆகவே, காணாமைக்கு யான் பொறுப்பல்லேன். கேளாமைக்கு யானே பொறுப்பு. அறியாப் பிழை என்று நாம் ஒதுக்குவனவற்றுட் பல, அறிவிப்பாரைத் தள்ளிய பிழையாகவே முடிதலை ஆராய்வார் அறிவர்.

இதுபற்றியே, நம் சமய ஆசிரியர் ஆணவமலத்தைப் புறவிருளினும் கொடியதென்றனர் போலும். புறவிருள் பிற பொருள்களை மறைத்துத் தன்னைக் காட்டி நிற்கும். இருளில் நிற்பவன் தான் இருளில் நிற்றலை அறிவான். ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். கண்புரை இவ்வகையில் ஆணவத்திற்கு ஏற்ற உவமையாகும். மருத்துவர் கண்ணிற்குக் காணும் தன்மையைப் புதிதாகத் தந்திலர். தடையையே நீக்கினர் என்பதும் ஒக்கும். எனினும், உவமை முற்றும் ஒவ்வாது. பழைய வில்லை கண்ணினின்றும் அறவே அகற்றப்படுகின்றது; மலமோ அழிவதன்று, அதன் ஆற்றலே அடங்குவது. இன்னுமொன்று. முற்காலத்து மருத்துவர் புரை முற்றுமளவும் காத்திருந்தனர்; இற்றைநாள் முறைக்கு அக்காத்திருப்பு வேண்டுவதில்லை; மிக முற்றவிடின் அறுவையும் அரிதாகும். மலபரிபாகம் வரட்டுமென்று கூறித் தன் குற்றத்தை ஆராயாதிருப்பார்க்கு இதுவும் ஒரு படிப்பினையாகுக.

கண்ணிற் கட்டவிழ்த்த பத்தாம் நாள், அம்முதியவரைத் தேடிச் சென்றேன். அவர் தம் மகள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். நிகழ்ந்தது முழுதும் சொல்லிப் பொறுக்குமாறு வேண்டினேன். அவர் சிறிது பொழுது வாளாவிருந்து, "அப்போதே சொன்னேனே, ஐயா" என்றார். அச்சொல்லிற் சினமில்லை, ஆயினும் அதற்கு விடை என்பால் இல்லை. மீண்டும் எம் இல்லத்து ஆடைகளை ஏற்கவேண்டுமென்றேன். கைகள் நடுங்குகின்றனவென்றும், தொழிலை விட்டு ஓராண்டு ஆயிற்றென்றும் கூறினார். யான் நிறுத்திய பின்னர் அத்தெருவில் வேறு இரண்டு வீட்டாரும் நிறுத்தினர் என்பதை அவர் மகள் சொல்லக் கேட்டேன். மருத்துவர் மீட்டுத் தந்தது என் கண்ணை. அவர் இழந்ததை மீட்டுத் தருவார் எவருமிலர்.

இடக்கண்ணின் அறுவை அடுத்த திங்கள் நிகழவுள்ளது. அதுகாறும் ஒரு பயிற்சியை மேற்கொண்டுள்ளேன். ஒருவர்மேற் குறை காணுந்தோறும், வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் ஒருமுறை வெண்சுவரை நோக்குவேன். அப்பழுப்பு நிறம் கண்ணில் உளதேயன்றிச் சுவரில் இன்றென்பதை அறிந்த பின்னரே வாய்திறப்பேன். இடக்கண்ணும் தெளிந்தபின் அவ்வுதவி எனக்கு இராது. அப்பொழுது பிறர் சொல்லைக் கேட்டலொன்றே எஞ்சிநிற்கும் துணையாகும்.