குழந்தை முகத்துக்காக

'குழந்தை முகத்தைப் பார்த்தாவது சேர்ந்து இருங்கள்' என்பது, பிரியப்போகும் தம்பதிக்குப் பெரியவர்கள் சொல்லும் கடைசி அறிவுரை. அந்தக் குழந்தையிடம் யாரும் கேட்பதில்லை. கேட்கப் புறப்பட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் ஜூடித் வாலர்ஸ்டைன். யார் மீதும் குற்றம் நிரூபிக்காமலே விவாகரத்து பெறலாம் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 1970 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு, அம்மாநிலத்தின் மாரின் கவுண்டியில் பிரிந்த 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளைச் சந்திக்கத் தொடங்கினார் அவர். கால் நூற்றாண்டு அவர்களைத் தொடர்ந்தார். சின்ன வயதில் பட்ட காயம், அவர்களே காதலித்து மணம் முடிக்கும் வயதில்தான் அதிகம் வலிக்கிறது என்றார்.

ஆனால் அவர் எடுத்துக்கொண்டது வசதியான ஓர் ஊரின் சில குடும்பங்களை. தொடக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப் பிரியாத குடும்பங்களும் இல்லை. சுமார் 1,400 குடும்பங்களை ஆராய்ந்த உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் 2002-இல் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. பிரிந்தவர்களின் பிள்ளைகளில் 20 முதல் 25 விழுக்காட்டினருக்குக் கடுமையான சிக்கல்கள். பிரியாத வீடுகளில் அது 10 விழுக்காடு. இரு மடங்கு, அதற்கும் மேல் என்று பதறலாம், நால்வரில் மூவர் தேறிவிட்டார்கள் என்று ஆறுதலும் கொள்ளலாம். அவரவருக்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொண்டார்கள்.

குழந்தைக்காகச் சேர்ந்திருக்கத்தான் வேண்டுமா என்ற அறக்கேள்விக்கு இதைவிட நெருங்கி வந்தவர்கள் சமூகவியலாளர்களான பால் அமேட்டோவும் ஆலன் பூத்தும். 1980-இல் தொடங்கிய அவர்களது ஆய்வில், ஓயாத சண்டை நடந்த வீடு பிரிந்தபோது பிள்ளைகள் மூச்சு விட்டார்கள். பெரிய சச்சரவு எதுவும் கண்ணில் படாத வீடு பிரிந்தபோதுதான் ஒடிந்துபோனார்கள். ராத்திரி ஒன்றாகச் சாப்பிட்ட அப்பா மறுவாரம் வேறு வீட்டில் இருப்பதற்கு, அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த காரணம் ஒன்றும் இல்லை. விவாகரத்துகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டவையே என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள்.

ஆகவே பெரியவர்களின் அறிவுரை இடம் மாறி விழுகிறது. அடிபடுகிறவளிடம் குழந்தையின் முகத்தைக் காட்டிப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது அநியாயம். அங்கே பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கேடு. சலிப்பால் மட்டும் பிரிய நினைப்பவரிடமே அதைச் சொல்லவேண்டும். அவரையும் கட்டாயப்படுத்த முடியாது, சலிப்பும் வேதனைதான். ஆனால் முடிவுக்கு முன் மெய்யாகவே முயன்றுபார்ப்பதும், முடிவெடுத்தால் பிள்ளைக்குப் புரியும்படி சொல்வதும் அவர் பட்டிருக்கும் கடன். (பிள்ளையைத் தூது அனுப்பாமல் இருப்பதும்.)

பிரிந்த பின்னும் கடன் தீர்வதில்லை. வாலர்ஸ்டைன் பார்த்த வசதியான தகப்பன்மார் பலர், பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். சட்டம் அவ்வளவுதான் கேட்டது. அது கல்லூரியில் சேரும் வயது.