பயணத்தில் காண வேண்டியது எது?

விடுமுறை வந்தால் வெளிநாடு சென்று வருவது இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. பூமியில் சென்று பார்க்குமாறு திருமறை பன்முறை அழைப்பதால், அதைக் குறைகூற நாம் முன்வரவில்லை. சென்ற இடத்தில் எதைக் கண்டால் அது பார்வை எனப்படும் என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

1325-இல் தன்ஜா நகரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, நம் மஅபர்க் கரையையும் மதுரையையும் கண்டவர். 1352-இல் சஹாராப் பாலையில் தகாஸா என்னும் உப்பூரை அடைந்தார். அங்கே வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்தன. இந்த விந்தையைச் சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. உப்பை வெட்டுவோர் மஸூஃபாக் கூட்டத்தாரின் அடிமைகள் என்றும், வெளியூரிலிருந்து வரும் பேரீச்சம்பழமும் தினையும் ஒட்டக இறைச்சியுமே அவர்கள் உணவு என்றும், அவ்வூர்த் தண்ணீர் உவர்ப்பானது என்றும் எழுதிவைத்தார். அந்த எளிய ஊரில் கைமாறிய பொன்னின் மிகுதியையும் குறித்தார். பொன்னையும் உவர்நீரையும் ஒருங்கே கண்டதால்தான் அவர் நூல் இன்றும் சான்றாக நிற்கிறது.

தமிழிலும் இம்மரபு உண்டு. ஆற்றுப்படை என்பதே வழிகாட்டும் இலக்கியமன்றோ? சிறுபாணாற்றுப்படை காட்டும் வழியில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் ஆய்வாளர். அந்நூல் மன்னனின் கொடையைப் பாட வந்தது. எனினும் உப்பு வண்டிகளோடு செல்லும் உமணர்களின் குழந்தைகளையும் அது பார்க்கத் தவறவில்லை.

அந்த மரக்காணத்தை இன்று பார்ப்போம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி செல்லும் பயணிகள் வெண்ணிற உப்புக் குவியல்களைக் கண்டு வண்டியை நிறுத்துகின்றனர். படம் எடுத்துக்கொண்டு சென்றுவிடுகின்றனர். அக்குவியலின் பின்னுள்ள உழைப்பு படத்தில் விழுவதில்லை. பாத்தித் தரையைக் காலால் மிதித்துக் கெட்டியாக்கி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலுக்குக் காத்திருந்து, படிந்த உப்பைப் பலகையால் வாரி, கரைக்குச் சுமந்து வருகின்றனர் ஆணும் பெண்ணும். வெண்மையின் கூச்சம் கண்ணை வருத்தும். உவர் பாதத்தை அரிக்கும். பருவமழை தொடங்கினால் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். அருகிலுள்ள கழுவெளி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வலசை வரும் பறவைகளைக் காண்பது நன்றே. அவ்வழியே செல்லும் மனிதரையும் காண வேண்டாமா?

அயல்நாட்டார் நம் கரையை இவ்வாறு பார்த்துச் சென்றால் நமக்கு வருத்தம் உண்டாகிறது. ஆனால் அவர்கள் நாட்டில் நாமும் அவ்வாறுதானே பார்க்கிறோம்? 2010-இல் திறக்கப்பட்ட துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் உயரம். அதை எழுப்பியவர்களில் பெரும்பாலோர் தெற்காசியத் தொழிலாளர்கள். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெரு ஒருகாலத்தில் கடலோரமாக இருந்தது. அங்கே 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் நாயகத்தின் நினைவாகத் தர்கா எழுப்பியவர்கள் நம் கரையிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற சூலியா முஸ்லிம்கள். கடைவீதிக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியை அங்கே செலவிட்டால் நம் முன்னோரின் வியர்வை புலப்படும்.

ஓய்வுக்காகச் செல்பவர் ஏன் பிறர் துன்பத்தைத் தேட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஷரீஅத்து பயணிக்கு நான்கு ரக்அத்தை இரண்டாக்கி இளைப்பாறுதல் தந்திருக்கிறது. ஆனால் மனிதருக்கு மனிதர் செலுத்த வேண்டிய ஹக்கில் பயணிக்குச் சலுகை இல்லை. துன்பத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. எதிரில் வரும்போது முகம் திருப்பாதிருந்தால் போதும். உழைப்பவரைக் காட்சிப் பொருளாக்குவதும் பாராமுகத்தைப் போன்றதே. ஆகவே முதலில் சலாமோ வணக்கமோ சொல்வோம். அவர் இசைந்தபின் படம் எடுப்போம். ஏழை வணிகரிடம் பேரம் பேசி வெல்வதைத் திறமையென்று கருதாதிருப்போம்.

ஊர் திரும்பியதும் பிள்ளைகளிடம் என்னென்ன பார்த்தாய் என்று கேட்கிறோம். யார் யாரைப் பார்த்தாய் என்றும் கேட்போம். அவர்கள் ஒருவரையேனும் நினைவுகூர்ந்து சொன்னால், அந்தப் பயணத்துக்குச் செய்த செலவு வீண்போகவில்லை.