பி.காம். மாணவியின் விண்ணப்பம் எப்படிப் படிக்கப்படுகிறது?

எம்.பி.ஏ. படிக்க வரும் வணிகவியல் மாணவரிடம் எந்தக் கல்வி நிறுவனமும் சுற்றிச் சுற்றி மூன்று விஷயங்களைத்தான் கேட்கிறது. இதுவரை எப்படிப் படித்தீர்கள், எங்கே என்ன வேலை பார்த்தீர்கள், இனி என்ன ஆகப் போகிறீர்கள். மாணவர்கள் பெரும்பாலும் இவற்றைத் தனித்தனிக் கேள்விகளாக எடுத்துக்கொண்டு தனித்தனியாகவே பதில் எழுதுகிறார்கள். மதிப்பெண்ணுக்கு ஓர் அட்டவணை, வேலைக்கு நான்கு வரி, இலக்குக்கு எங்கிருந்தோ எடுத்த ஒரு பத்தி. நேர்காணல் அறையில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்கள் அப்படிப் படிப்பதில்லை. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதிக்கிறார்கள். இலக்கு வேலையிலிருந்து முளைத்ததா, வேலையில் கண்டதற்குப் பாடத்தில் படித்தது துணை நின்றதா என்பதுதான் அவர்கள் தேடுவது.

விளக்கத்துக்காக ஒரு மாணவியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். திருப்பூர்க்காரர். 2020இல் பத்தாம் வகுப்பு, 2022இல் பிளஸ் டூ வணிகவியல் பிரிவு, 2025இல் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். கல்லூரி காலை ஷிப்ட். மதியத்துக்கு மேல் ஓர் ஆடிட்டர் ஆபீசில் டேலியில் என்ட்ரி போடுவார். பட்டம் முடித்தபின் அதே ஆபீசில் முழுநேர வேலை. ஐ.ஐ.எம். ஒன்றில் சேர வேண்டும் என்பது ஆசை.

முதலில் மதிப்பெண். ஐ.ஐ.எம்.களுக்கான நுழைவுத் தேர்வான கேட்டின் மதிப்பெண் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. ஐ.ஐ.எம்.கள் பலவும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய மூன்றின் மதிப்பெண்ணுக்கும் தனித்தனியாக எடை கொடுக்கின்றன. எடை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். அகமதாபாத் நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை அறிவியல், வணிகவியல், கலை என்று பிரிவு வாரியாகப் பிரித்தே மதிப்பிடுகிறது. கணிதத்தில் நூறு வாங்கியவரையும் வரலாற்றில் எண்பது வாங்கியவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை என்பதால் இந்த ஏற்பாடு. சரியான ஏற்பாடுதான்.

நம் மாணவியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கொரோனாவால் 2020இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். அரையாண்டில் சோம்பிவிட்டு மார்ச்சில் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு அந்த மார்ச் வரவே இல்லை. அந்த எண் இன்றும் விண்ணப்பப் படிவத்தில் அவர்களோடு கூடவே வருகிறது. படிவத்தில் இதை விளக்க இடம் இல்லை. நேர்காணலில் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போக வேண்டியதுதான். அங்கே புலம்பி எந்தப் பயனும் இல்லை.

கேட் முடிவில் வரும் பர்சென்டைல் என்பது நூற்றுக்கு எத்தனை என்ற மதிப்பெண் அல்ல. எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் உங்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது. 2024இல் ஏறத்தாழ 2.93 லட்சம் பேர் கேட் எழுதினார்கள். 99 பர்சென்டைல் வாங்கினாலும் சுமார் 2,900 பேர் முன்னால் நிற்கிறார்கள். 95 என்றால் 14,000க்கும் மேல். பெரிய ஐ.ஐ.எம்.களின் அழைப்புப் பட்டியலில் அரைப் புள்ளிக்கு ஏன் அத்தனை அடிதடி என்பது இந்தக் கணக்கைப் போட்டால் புரிந்துவிடும்.

ஆனால் நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டால் மதிப்பெண்ணின் வேலை கிட்டத்தட்ட முடிந்தது. இறுதித் தேர்வில் அதற்கு ஓரளவு எடை இருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேட்பார்கள், எந்தப் பாடத்தில் அதிக மதிப்பெண் என்று. பி.காம். படித்தவர் அங்கே கணக்குப்பதிவியல் என்று சொல்லிவிட்டு ஒதுக்குக்கும் காப்புக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டதும் விழித்தால், தொண்ணூறு சதவீதம் வாங்கிய சான்றிதழ் அவருக்கே எதிர்ச்சாட்சி ஆகிவிடும். பொறியியல் படித்துவிட்டு வருகிறவரிடம் கணக்கியலில் இந்த அளவு கிண்ட மாட்டார்கள். வணிகவியல் மாணவருக்குத் தன் பாடமே பலம், அதுவே பொறியும்கூட. தேய்மானத்தைக் குறைந்து செல் மதிப்பு முறையில் போடத் தெரிந்திருப்பது போதாது. திருப்பூர் நிட்டிங் யூனிட் ஒன்று தன் இயந்திரங்களுக்கு ஏன் அந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறது, அதனால் முதல் சில ஆண்டு லாபம் எப்படிக் குறைந்து தெரிகிறது என்று சொல்ல முடிய வேண்டும்.

அடுத்தது வேலை. இங்கே ஓர் அநியாயம் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஐ.ஐ.எம்.கள் பொதுவாகப் பட்டம் முடித்தபின் பார்த்த முழுநேர வேலையை மட்டுமே அனுபவமாகக் கணக்கில் எடுக்கின்றன. படிக்கும்போது பார்த்த பகுதிநேர வேலை, சி.ஏ. மாணவர்களின் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி ஆகியவற்றுக்குப் புள்ளி கிடையாது. கல்லூரி விட்டதும் ஆடிட்டர் ஆபீசுக்கு ஓடி, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பிய மூன்று ஆண்டும் படிவத்தின் கணக்கில் சுழியம். வீட்டில் வசதியிருந்து அந்த மூன்று ஆண்டும் கேட் பயிற்சிக்குப் போனவர் மேலே நிற்பார். படிவம் அப்படித்தான், அதை மாற்றுவது மாணவியின் கையில் இல்லை. நேர்காணல் அவர் கையில் இருக்கிறது. படிவத்தில் சுழியமாக நின்ற அந்த மூன்று ஆண்டுதான் அங்கே அவருடைய ஆகப்பெரிய முதல்.

வேலை அனுபவத்தை எதற்காகக் கேட்கிறார்கள்? ஹார்வர்டு வணிகப்பள்ளி 1920களிலிருந்து நேர்வு முறையில், அதாவது ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலை வகுப்பில் வைத்து விவாதிக்கும் முறையில் பாடம் நடத்துகிறது. 1961இல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டின் ஒத்துழைப்போடு உருவானது, அந்த முறையையே எடுத்துக்கொண்டது. இந்த வகுப்பில் ஆசிரியர் பேசுவது குறைவு, மாணவர்கள் பேசுவது அதிகம். தொழிற்சாலைக்குள்ளோ கடைக்குள்ளோ கால் வைத்தவர் யாரும் இல்லாவிட்டால் விவாதம் புத்தக வாக்கியங்களோடு நின்றுவிடும். ஹார்வர்டில் சேருகிறவர்களின் சராசரி அனுபவம் ஏறத்தாழ ஐந்து ஆண்டு. ஐதராபாத் ஐ.எஸ்.பி.யின் முதன்மைப் படிப்புக்கு இரண்டு ஆண்டாவது வேண்டும். ஐ.ஐ.எம்.களின் இரண்டாண்டுப் படிப்பில் அனுபவமே இல்லாதவர்களும் சேரலாம், சேருகிறார்கள். அதனாலேயே கொஞ்சம் அனுபவத்தோடு வருகிறவர் வாய் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆனால் வாய் திறந்து என்ன சொல்வது? 'ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் பொறுப்பை வகித்தேன்' என்று எழுதினால் ஆயிரம் விண்ணப்பங்களில் அதுவும் ஒன்று. நம் மாணவி பார்த்திருக்கக்கூடிய ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம்.

ஒரு பனியன் கம்பெனி சாயப்பட்டறைக்குத் துணி அனுப்புகிறது. சாயப்பட்டறை ஜாப் ஒர்க் பில் போடுகிறது, பத்து லட்ச ரூபாய். 5 சதவீத வரி 50,000. இந்த 50,000ஐ பனியன் கம்பெனி தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த பில் அதன் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வந்திருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து விதி. அங்கே வர வேண்டுமானால் சாயப்பட்டறை 11ஆம் தேதிக்குள் தன் விற்பனை விவர அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1ஐத் தாக்கல் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. 14ஆம் தேதி '2பி-யில பில் வரலை' என்று ஆபீசில் குரல் எழும்புகிறது. 20ஆம் தேதிக்குள் கம்பெனி கையிலிருந்து 50,000 ரூபாய் கட்ட வேண்டும். முதலாளி கோபத்தில், பில் ஏறுகிற வரைக்கும் சாயப்பட்டறைக்குப் பணம் இல்லை என்கிறார்.

சாதாரண ஊழியர் இத்தோடு நிறுத்திவிட்டு, 2பி-யில் வராத பில்களின் பட்டியலை எக்செலில் போட்டுக் கொடுத்துவிடுவார். சாயப்பட்டறை ஏன் தாக்கல் செய்யவில்லை என்று ஒரு போன் போட்டுக் கேட்டவருக்கு வேறொரு கதை கிடைக்கும். முந்தின மாதம் அவர்களுக்கு வரி கட்டப் பணம் இல்லை, அதனால் வரி கட்டும் அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் ஆகவில்லை. முந்தின மாத 3பி நிலுவையில் இருந்தால் இந்த மாத ஜிஎஸ்டிஆர்-1ஐ ஜிஎஸ்டி தளமே ஏற்காது. ஏன் பணம் இல்லை? வாங்க வேண்டிய பார்ட்டிகளிடமிருந்து வரவில்லை. அப்படி வராத பணத்தில் நம் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பாக்கியும் ஒன்று. பணம் வராததால் வரி கட்டவில்லை. வரி கட்டாததால் பில் ஏறவில்லை. பில் ஏறாததால் பணம் வரவில்லை. கம்பெனி, பட்டறை இரண்டுமே லாபத்தில் ஓடுகின்றன, இரண்டுமே ரொக்கத்துக்குத் திண்டாடுகின்றன.

கல்லூரியில் 'நடைமுறை மூலதனம்' என்ற பாடத்தில் நடப்புச் சொத்துகளிலிருந்து நடப்புப் பொறுப்புகளைக் கழிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தக் கழித்தல் கணக்கு ஒரு சாயப்பட்டறையை எப்படி மூச்சுத் திணற வைக்கிறது என்பதை இந்த மாணவி நேரில் பார்த்திருக்கிறார். நேர்காணலில் இதை இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிந்தால், மதிப்பெண்ணும் வேலையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. பொறுப்பை வகித்தேன், குழுவை வழிநடத்தினேன் என்ற வாக்கியங்கள் எதுவும் தேவைப்படாது.

இனி இலக்கு. இந்தப் பகுதியில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். நம் கல்லூரிகளில் பயோடேட்டா எழுதச் சொல்லிக்கொடுக்கும்போது முதல் வரியிலேயே 'நோக்கம்' என்று தலைப்புப் போட்டு, சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன் என்று எழுத வைக்கிறார்கள். இந்த வரியைப் படித்து யாரும் யாருக்கும் வேலை கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எம்.பி.ஏ. விண்ணப்பத்தில் அந்த இடத்தை கன்சல்டிங், இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் போன்ற சொற்கள் பிடித்துக்கொள்கின்றன. அந்த வேலையில் முதல் ஆண்டு சேருகிறவர் காலையில் வந்து என்ன செய்வார் என்று அடுத்த கேள்வி கேட்டால் அமைதி.

நம் மாணவியின் இலக்கு அவர் பார்த்த அந்தச் சிக்கலிலிருந்து வரட்டும். சிறு உற்பத்தியாளரின் பில்லை வைத்து உடனே பணம் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே நடக்கிறது. ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு 2017 முதல் இயங்கும் ட்ரெட்ஸ் தளங்கள் அவை. சிறு நிறுவனம் பில்லை ஏற்றும், வாங்கியவர் ஆமாம் என்று ஒப்புக்கொள்வார், வங்கிகள் வட்டியை ஏலம் கேட்கும், பணம் சில நாளில் வந்துவிடும். தவணைத் தேதியில் வாங்கியவர் வங்கிக்குக் கட்டுவார். ஆண்டு விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டும் கம்பெனிகள் இந்தத் தளங்களில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசு 2024இல் உத்தரவிட்டது. திருப்பூரில் சாயப்பட்டறைக்கு வேலை கொடுக்கும் பல கம்பெனிகள் அந்த வரம்புக்குக் கீழே இருப்பவை. வாங்குகிறவர் தளத்துக்கே வராவிட்டால் ஏற்பாடு அங்கேயே நின்றுவிடும். இந்த இடைவெளியில் வேலை இருக்கிறது. முதலில் சிறு தொழில்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடன் மதிப்பீட்டுப் பிரிவு, பின்னாளில் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கென்றே பில் நிதி கொடுக்கும் நிறுவனம். இதற்கு எம்.பி.ஏ. எதற்கு? கடன் ஆபத்தைக் கணக்கிடத் தெரிய வேண்டும், நிதிச் சட்டம் தெரிய வேண்டும். ஆடிட்டர் ஆபீசில் இரண்டும் கிடைக்காது. கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

ஐந்தாண்டில் இந்த இலக்கு மாறலாம். நேர்காணல் செய்பவர்களுக்கும் அது தெரியும். நாளை இதையேதான் செய்வார் என்று அவர்கள் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு விஷயத்தைக் கடைசி வரை யோசிக்கத் தெரிந்தவரா என்று பார்க்கிறார்கள்.

யாரும் விண்ணப்பத்தில் எழுதாத ஒரு காரணமும் இலக்கைத் தீர்மானிக்கிறது. பழைய ஐ.ஐ.எம்.களின் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 25 லட்சம் கல்விக்கடன், 9 சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 31,700 ரூபாய் கட்ட வேண்டும். இந்தத் தவணையைத் தோளில் போட்டுக்கொண்டு படிப்பை முடிப்பவர், திருப்பூர் சாயப்பட்டறைகளை மறந்துவிட்டு அதிகச் சம்பளம் தரும் முதல் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சிறு ஊரில் தொழில் தொடங்கும் இலக்கு உண்மையாகவே இருப்பவர், அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு எழுதி அரசு பல்கலைக்கழகத் துறை ஒன்றில் மிகக் குறைந்த கட்டணத்தில் எம்.பி.ஏ. படிப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐ.ஐ.எம். முத்திரையின் மதிப்பு பெரிது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த முத்திரைக்கான தவணையை எந்த வருமானத்தில் கட்டுவது என்பதும் இலக்கின் பகுதிதான்.

கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்து செப்டம்பரில் மூடுகிறது, தேர்வு நவம்பர் கடைசியில். ஆடிட்டர் ஆபீஸ், ஏற்றுமதி கம்பெனி, அப்பாவின் கடை என்று எங்கே வேலை பார்த்தாலும், சேர்ந்த தேதி எழுதிய வேலைச் சான்றிதழையும் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறியதற்கான ஆதாரத்தையும் ஜூலைக்குள் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்குகிறவர்கள் இந்த மாதத்திலிருந்தே வங்கியில் போடச் சொல்லுங்கள்.