சுழலும் தளமும் சமநீதியும்

உயர்ந்த கட்டடம் ஒன்று எழும்போது, அதனுடன் ஓர் அறவினாவும் எழுகின்றது. அதன் சாளரங்களுள் மிகச் சிறந்த காட்சி யாருக்கு உரியது? முந்தி வந்தவருக்கா, மிகுந்த பணம் கொடுப்பவருக்கா?

ஐக்கிய அமெரிக்காவின் சியாற்றில் நகரில், 1962ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட ஸ்பேஸ் நீடில் கோபுரம் இவ்வினாவுக்குப் பொறியியல் வழியே விடை பகர்ந்தது. ஏறத்தாழ 500 அடி உயரத்திலிருந்த அதன் உணவுச்சாலையில், சாளரங்களை ஒட்டிய வளையத்தளம் மட்டும் சுழன்றது. தண்டவாளத்தின்மீது சில்லுகள் அதனைத் தாங்கின. பாரம் சமமாகப் பரவியிருந்தமையாலும், உராய்வும் வேகமும் மிகக் குறைந்திருந்தமையாலும், நூறு தொன்னுக்கு மேற்பட்ட அத்தளத்தை இயக்க ஒரு பரிவலு கொண்ட மோட்டரே போதுமானதாயிற்று. எவ்விருக்கையில் அமர்ந்தவராயினும், ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் எலியற் விரிகுடாவையும் றெய்னியர் மலையையும் நகரையும் கண்டுவிடுவர். இடத்தால் பங்கிட முடியாததைக் காலத்தால் பங்கிடும் முறை இது. குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சும் உழவர் நன்கறிந்த நீதியும் இதுவேயாம்.

ஆயினும், இந்நீதிக்கு ஓர் எல்லையுண்டு. மின்னுயர்த்தி, படிக்கட்டு, நீர்க்குழாய், சமையற்கூடம் ஆகியன அசையாத நடுப்பகுதியிலேயே அமைவன. உணவு உண்பவர் உலகைச் சுற்றிக் காண்கையில், அதனைச் சமைப்பவர் சுவரையே காண்கிறார். சாளரத்தின் அடிக்கட்டையில் கைப்பையை வைத்தவர், சற்று நேரத்தில் அது அகன்று போனதாக எண்ணித் திகைப்பதுண்டு. உண்மையில் அகன்றவர் அவரே. ஓர் ஒழுங்கின் பயனை நுகர்வோர் தாம் சுமக்கப்படுவதை உணர்வது அரிது.

குழாய்களும் அடுப்புகளும் சுழல இயலாதவை, சமைப்பவருக்கு ஊதியமும் உண்டு, ஆகவே இதில் அநீதி யாது எனச் சிலர் வினவலாம். அடுப்பு நிலையாக இருக்க வேண்டியது பொருளின் நியதி. ஆனால், அதன் முன் என்றும் ஒருவரே நிற்க வேண்டும் என்பது மனிதர் வகுத்த ஏற்பாடு. முன்னையதை மாற்றவியலாது, பின்னையதை மாற்றலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலேயே சமுதாய அநீதிகள் பல தமக்கு நியாயம் தேடிக்கொள்கின்றன.

வளையத்துள் நிலவும் சமத்துவம் பொய்யன்று. அது முழுமை பெறாதது. காட்சியை முறைவைத்துப் பகிரக் கற்ற மனிதர், உழைப்பையும் ஓய்வையும் அவ்வாறே பகிரக் கற்பாராயின், அவ்வளையம் இன்னும் விரியும்.